பிசிறில்லாத கேபிள்

அத்தியாயம் 7

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகுடேஸ்வரனைக் கொன்ற கேபிள் அதற்குள் சாரைப் பாம்புக் குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

"ரெண்டு நிமிஷம் பாருங்க. கவரைப் பிரிக்கக் கூடாது. அஞ்சு மணிக்கு ஆளை மாஜிஸ்திரேட்கிட்ட கூட்டிட்டுப் போறோம். அதுக்குள்ள ஏதாச்சும் கிடைச்சாச் சொல்லுங்க. இல்லீன்னா ரிமாண்ட்தான்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

குழந்தையம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இருபத்திரண்டு வருஷம் சட்டைகளுக்குத் தரம் பார்த்தவர். இப்போது தனியாகத் துப்பறியும் தொழில், அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனிதர்களைப் பார்க்கிறார். அருகில் நின்ற முனீஸ் கமுதிக்காரன், பழைய ஓவர்லாக் டைலர். பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் தைத்த நானூறு பீஸை ஒரே மூச்சில் ரிஜெக்ட் செய்தவர் இவர். சண்டை போடப் போனவன் இவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மேடம் ரிஜெக்ட் பண்ணாமல் வைத்திருக்கும் ஒரே பீஸ் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான்.

விஷயம் இதுதான். மகுடேஸ்வரன் வீரபாண்டியில் நாடா மிஷின் போட்டிருந்தவர். பேன்ட் இடுப்பில் கோக்கிற நாடா. ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டால் அதே மிஷினில் பருத்தி நூலால் உறை பின்னுவார். உறைக்குள் செப்புக் கம்பி கோத்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்து, தன்னுடைய ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய கேபிளைத் தானே செய்துகொள்வார். கடைக் கேபிளில் பாட்டு கலங்கலாக வருகிறது என்பது அவர் கட்சி. கூட உட்கார்ந்து ஈயம் பற்றவைக்க ஜெபக்குமார். நாசரேத் பக்கத்துப் பையன், அவருடைய யூனிட்டில் மெக்கானிக்.

போன ஞாயிறு காலை பத்தரைக்கு, புதிய கரண்ட் கேபிளை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி சுவிட்சைப் போட்டிருக்கிறார். விளக்கு எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று பெட்டியின் மேல் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மின்வாரிய ஆள் வந்து பிளக்கைத் திறந்து பார்த்தபோது இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. பெட்டிக்குள் போக வேண்டிய மின்சாரம் பெட்டியின் தகட்டில் ஏறி நின்றிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜெபக்குமார் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, நான் செய்த கேபிள்தான் என்றான். இறந்தவரின் தம்பி ஆறுச்சாமி அதற்குள் ஒரு மனு கொடுத்துவிட்டார். போன மாசம் லீவு தரவில்லை என்று அந்தப் பையன் அண்ணனிடம் எதிர்த்துப் பேசினான், வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று. விபத்து கொலையானது அப்படித்தான்.

குழந்தையம்மாள் கவரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். சட்டையைப் பிடிப்பது போலவே, இரண்டு விரலால்.

"முனீசு, இதுல என்ன இல்லை, சொல்லு."

"மனசாட்சி, மேடம்."

"கண்ணால பாத்துச் சொல்லு."

முனீஸ் குனிந்து பார்த்தான். வெள்ளைப் பருத்தி உறை. பிளக்கில் போய் முடிகிற இடத்தில் வெட்டிவிட்ட மாதிரி மழமழவென்று இருந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"பிசிறு இல்லை. ஃபைனல் செக்கிங் பாஸ்."

"அதைத்தான் நானும் பாக்கறேன்" என்று கவரைத் திருப்பிக் கொடுத்தார்.

*

ஜெபக்குமார் உள்ளறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலது உள்ளங்கையில் கட்டு. ஞாயிறு ராத்திரி ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னைச் சூடுபடுத்தித் தன் கையில் தானே வைத்துக்கொண்டான் என்று அவன் மனைவி ஜோதிகா சொல்லியிருந்தாள். அருள்புரத்தில் தையல் வேலைக்குப் போகிறவள். அவள்தான் இவர்களைத் தேடி வந்தது. 'ஜெயிலுக்குப் போனாக்கூட நான் இருந்துக்குவேன் மேடம், இவிய உசுரோட இருக்கணும்' என்றாள். அதைத் தவிர அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

"அந்தக் கேபிளை எப்பத் தம்பி செஞ்சீங்க?" என்று கேட்டார் குழந்தையம்மாள்.

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு. மொதலாளி அண்ணாச்சி செஞ்ச ஒடனே மாட்ட மாட்டாவ. ஒரு வாரம் ஆணில தொங்க விடணும்பாவ. துணிய வெட்டுறதுக்கு முன்ன ஒரு நாளு விரிச்சுப் போட்டுத் தளர விடுவோம்லா, அது மாதிரி."

"ஒரு வாரமும் அந்த ரூம்லயேதான் தொங்குச்சா?"

"ஆமா. நான் கோயில் முடிஞ்சு பதினொண்ணரைக்கு வருவேன், ரெண்டு பேருமாச் சேந்து மாட்டுவோம்னு சொல்லியிருந்தாவ. எனக்காகக் காத்திருக்கல."

"செஞ்சு முடிச்சதும் மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சரியாத்தான் காட்டுச்சு."

"அப்பறம் எப்படிங்க தப்பாகும்?"

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "மனுசன் செத்துட்டாவல்லா மேடம். மீட்டர் கூடத் தப்பாக் காட்டியிருக்கலாம்."

முனீஸுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. சரியாகச் செய்தேன், அவர் செத்தார், அதனால் தப்பாகச் செய்திருக்கிறேன். செய்த குற்றத்தை இல்லை என்று சாதிக்கிறவர்களையே பார்த்துப் பழகியவன் அவன். செய்யாததை இழுத்துப் போட்டுக்கொள்கிறவனை இப்போதுதான் பார்க்கிறான்.

"உறையோட முனைய எப்படி முடிப்பீங்க?" என்றார் குழந்தையம்மாள், சமையல் குறிப்புக் கேட்பதுபோல.

"முனையா? ஒண்ணும் பண்ண மாட்டோம். பிசிறு அப்படியே குஞ்சம் மாதிரி நிக்கும். மொதல்ல ஒரு தடவ நான் வெட்டப் போனேன், அண்ணாச்சி கையப் புடிச்சிட்டாவ. பிசிற வெட்டுனா பாட்டோட நுனி போயிரும்பாவ. சலங்கை, ஜால்ரா, அதெல்லாம் அந்த நுனியிலதான் நிக்குதாம்."

"அப்ப நான் மாசாமாசம் முடி வெட்டுறது தப்புத்தேன்" என்றான் முனீஸ். "புத்தி பூராம் சலூன்லயே போயிருச்சு."

ஜெபக்குமார் சிரிக்கவில்லை. முனீஸ் வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குழந்தையம்மாள் அவன் காலை மிதித்தார்.

"இந்தப் பிசிறு விசயம் வேற ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது. அந்த ரூமுக்குள்ள நாங்க ரெண்டு பேருந்தான் போவோம்."

வெளியே வந்ததும் முனீஸ் கேட்டான், "ஏன் மேடம் காலை மிதிச்சீக? அது உன் கேபிளே இல்லப்பான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அவன் நிம்மதியாவான்ல?"

"நம்ப மாட்டான். ஆறுதலுக்குச் சொல்றோம்னு நெனப்பான். எஸ்.ஐ. என்ன சொல்லுவாரு தெரியுமா? செத்தவரே ஒரு நாளு மனசு மாறி வெட்டியிருப்பாருன்னுவாரு. அந்தப் பையனுக்கு வேற ஒரு கையக் காட்டோணும். அது ஆரோட கைன்னு தெரியோணும்."

"தெரியாம என்ன? ஆறுச்சாமி. அண்ணன் போனா நாடா மிஷினு தம்பிக்கு. மனு வேற பறந்து வந்திருக்கு."

"வண்டிய எடு" என்றார்.

*

சாவு வீட்டுக்கு முன்னால் போட்டிருந்த பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களை அதட்டிக்கொண்டு நின்றார் ஆறுச்சாமி. ஆறடி உயரம். பனங்கிழங்கு மாதிரி விரல்கள்.

"அந்த வெளியூர்ப் பையனுக்கு வக்காலத்து வாங்கறதுக்குங்களா வந்தீங்க? துக்க ஊட்டுல வந்து என்னத்த நோண்டறீங்க?"

"நோண்டறதுக்கு வல்லீங்க. ரூமை ஒருக்கா பாத்துட்டுப் போயிடறோம்" என்றார் குழந்தையம்மாள்.

"ஒண்ணும் பாக்க வேண்டியதில்லீங்க."

"பாக்கட்டும் உடுங்க கொழுந்தனாரே." குரல் உள்ளே இருந்து வந்தது. கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்த செல்லாத்தாள், இறந்தவரின் மனைவி. ஐம்பதை நெருங்குகிறவர். அழுது ஓய்ந்த முகம் என்று முனீஸ் முதலில் நினைத்தான். பிறகு, அழாத முகம் என்று பட்டது.

சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் மகுடேஸ்வரன், மாலை இன்னும் வாடவில்லை. பக்கத்தில் ஒரு இளம்பெண், சந்தன மாலை, அதன்மேல் ஒரு வருஷத்துத் தூசி. மகள் என்று கேட்காமலே தெரிந்தது.

பாட்டு அறை மாடியில். கதவு ஐஸ் ஃபேக்டரிக் கதவு மாதிரி ஒரு சாண் கனம். வெளியே சுவரில் சின்னப் பலகை, மேலே ஒட்டிய சீட்டில், 'போன் உள்ளே வரக்கூடாது.'

"பரீட்சை ஹாலா மேடம் இது?"

"போன் பக்கத்துல இருந்தா கேபிள்ல கொர்ர்ருன்னு ஒரு இரைச்சல் ஏறும். அது இவங்களுக்கு ஆகாது." குழந்தையம்மாள் தன் போனைப் பலகையில் வைத்தார். முனீஸும் வைத்தான்.

கதவைச் சாத்தியதும் வீதி, பந்தல், ஆறுச்சாமியின் அதட்டல் எல்லாம் அறுந்து போயின. முனீஸுக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. எதிரே பீரோ உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவே ஒரே ஒரு நாற்காலி. சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள், ஒவ்வொன்றின் முனையிலும் குஞ்சமாக நின்ற பிசிறு. பதினோரு கேபிள்களையும் குழந்தையம்மாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவது ஆணி காலி.

"ஒண்ணைக்கூட வெட்டலை. செத்தவரு மனசு மாறலை."

பிறகு வேலை மேஜைக்குப் போனார். சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, வயர் கட்டர், பெரிய கத்தரிக்கோல்.

"முனீசு, கத்தரிக்கோல்ல வெட்டுனா நூலு எப்படி நிக்கும்?"

"ஒரே கோடா நிக்கும்."

"அந்தக் கேபிள்ல கோடு இல்லை. ஒவ்வொரு நூலும் தனித்தனியா, அடியோட ஒட்டி அறுந்திருக்குது. அது ட்ரிம்மர் வேலை. இந்த ரூம்ல ட்ரிம்மர் இல்லை."

ட்ரிம்மர் என்பது விரல் நீளக் கத்தரி. செக்கிங் பெண்கள் அதன் வளையத்தில் விரலை நுழைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பிசிறு வெட்டுவார்கள். ஒரு பீஸுக்கு எட்டு நொடி. தூக்கத்தில் கூட விரல் அசையும்.

"இந்த ஊர்ல ட்ரிம்மர் புடிச்ச கை ஒரு லட்சம் இருக்கும் மேடம். எங்க ஆத்தா கையே அதுல ஒண்ணு."

"அதுல இந்த மாடிப்படி ஏற முடிஞ்ச கை எத்தனைன்னு யோசி."

"ஆறுச்சாமி கை?"

"அந்த வெரலைப் பாத்தியல்லோ? ட்ரிம்மர் வளையத்துக்குள்ள அது நொழையுமா?"

முனீஸ் யோசித்தான். யோசித்த இடம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் வெட்டணும் மேடம்? கொல்றதுக்குக் கேபிள் செய்றவங்களுக்குப் பிசிறு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"ஒண்ணுமில்லை. ஆனாப் பிசிறோட ஒரு பீஸைக் கீழ வெக்க அந்தக் கைக்கு வராது."

*

செல்லாத்தாள் காபி கொண்டுவரச் சொல்லியிருந்தார். குழந்தையம்மாள் பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"யூனிட்டு எப்பங்க ஆரம்பிச்சது?"

"இருபத்தாறு வருசம் ஆச்சுங்க. மொதல்ல நாடா இல்லீங்க, பனியனுதான். நாலே நாலு மிஷினு. அவுரு கட்டிங், நான் செக்கிங். ஆளு வெக்க வழியில்லீங்க அப்ப."

"மிஷினு ரிப்பேரானா?"

"பிளக்கு போனா நான்தான் மாட்டுவேன். அவுரு அப்பெல்லாம் கரண்டுன்னா பயப்படுவாருங்க." ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டு, காபி டம்ளரை முனீஸிடம் நீட்டினார். அவன் கை நீட்டியபோது சட்டைக் கைவிளிம்பில் ஒரு நூல் தொங்கியது.

"பிசிறு தொங்குது கண்ணு."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ட்ரிம்மர் வந்தது. விரல் வளையத்தில் நுழைந்தது. க்ளிக். வெட்டிய நூலைக் கீழே போடாமல் விரலில் உருட்டித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். செக்கிங் மேஜையில் குப்பை விழக் கூடாது. இத்தனையும் அவர் பார்க்காமலே நடந்தது. கண் வாசலில் இருந்தது.

முனீஸ் டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டான். மேடத்தைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்திருந்தார்.

"ஏனுங்க" என்றார் செல்லாத்தாள், "அந்த ஜெபக்குமாருத் தம்பி ஏன் எழவுக்கே வல்லை? ஞாயித்துக்கெழம ஓடியாந்து பாத்துட்டு அழுதுட்டு நின்னுது. அப்பறம் காணோம். ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

குழந்தையம்மாள் நிமிர்ந்தார். "உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"என்னத்தச் சொல்லோணும்?"

"அந்தத் தம்பி ஸ்டேஷன்ல இருக்குதுங்க. கொலைக் கேஸு."

செல்லாத்தாளின் கை அந்தரத்தில் நின்றது. "கரண்டு அடிச்சுச் செத்துட்டாரு, விபத்துன்னு எழுதிட்டாங்கன்னு கொழுந்தனாரு சொன்னாருங்க."

"மனுக் கொடுத்ததே உங்க கொழுந்தனாருதானுங்க. அஞ்சு மணிக்கு ரிமாண்டு. அதைக்கூட உடுங்க. தான்தான் கொன்னுட்டோம்னு அந்தத் தம்பி நெசமாவே நம்பீட்டு இருக்குது. சால்டரிங் அயர்னைக் காய்ச்சி உள்ளங்கையில வெச்சுக்கிச்சு. இனி அது எந்த மிஷினையும் தொடாது. உசுரோட இருக்குமான்னு அது சம்சாரம் பயந்துட்டுக் கெடக்குது."

குழந்தையம்மாள் வேறு எதுவும் சொல்லவில்லை. ட்ரிம்மரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முனீஸ் மனசுக்குள் கெஞ்சினான், கேளுங்க மேடம், கேட்டு முடிங்க. அவர் கேட்கவில்லை. வெளியே நாற்காலிகள் வண்டியில் ஏறும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"தேஜஸ்ரீக்கு வீசிங் இருந்துதுங்க" என்றார் செல்லாத்தாள், சுவர்ப் படத்தைப் பார்க்காமல். "போன வருசம் ஆடி மாசம். நான் பல்லடத்துல ஒரு சீருக்குப் போயிருந்தேன். புள்ளைக்கு மூச்சு முட்டியிருக்குது. அடிக்கிற மருந்து தீந்துபோச்சு. அப்பன் மேலதான் இருக்கறாரு, பாட்டுக் கேட்டுட்டு. பதினாலு தடவ போன் பண்ணியிருக்குதுங்க. போனு வெளிய பலகைல. பொறவு படி ஏறியிருக்குது. கதவத் தட்டியிருக்குது. பாட்டு முடிஞ்சு அவுரு கதவத் தொறந்தப்ப வாசப்படியிலயே கெடந்துது."

முனீஸ் டம்ளரைக் கீழே வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"அந்த ரூமப் பூட்டிப் போடுவாருன்னு நெனச்சேன். மூணு மாசம் பூட்டுனாரு. அப்பறம் தொறந்துட்டாரு. அதையும் பொறுத்துட்டேங்க. மனுசனுக்கு வேற போக்கிடம் இல்லை. போன மாசம் ஒரு நாளு, வா செல்லா, புதுக் கேபிள் மாட்டியிருக்கறேன், வந்து கேளுன்னு கூப்புட்டாரு. நாற்காலியில என்னை உக்கார வெச்சாரு. பாடற பொம்பளை பாட்டை எடுக்கறதுக்கு முன்னால மூச்சு இழுக்குது பாரு, அது கூடக் கேக்குது பாருன்னாரு."

செல்லாத்தாள் முந்தானை முடிச்சை இறுக்கினார்.

"அவுரு கெட்டவரு இல்லீங்க" என்றார். "கேபிளை நான்தான் மாத்துனேன். அந்தத் தம்பி கட்டுனது அரிசி டிரம்முக்குள்ள இருக்குது. எடுத்துட்டு வரச் சொல்றேன். அதப் பாத்தா நம்பும்."

"டிரம்முல இல்லீங்க." ஆறுச்சாமி வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "நான் எடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலமே அரிசி எடுக்கப் போனப்ப கண்ணுல பட்டுது. நொய்யல்ல போட்டுட்டேன்."

முனீஸ் அவரைத் திரும்பிப் பார்த்தான். கொலை செய்தவர் இவர் என்றுதான் இந்த வீட்டுக்கு வரும்வரை நம்பிக்கொண்டிருந்தான். செய்யவில்லை. ஆனால் செய்தது யார் என்று ஞாயிற்றுக்கிழமையே இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திங்கட்கிழமை மனு எழுதியிருக்கிறார்.

"அந்தத் தம்பியப் போயி ஏனுங்க மாட்டி உட்டீங்க?" என்றார் செல்லாத்தாள்.

"வேற என்ன பண்றது? பிளக்கத் தொறந்து பாத்துட்டாங்க. ஆரோ ஒருத்தரு மாட்டியாகோணும். ஊட்டுப் பொம்பளைய கோர்ட்டுல நிறுத்தீட்டு நான் இந்த ஊருக்குள்ள நடக்கறதா?" குரலைத் தாழ்த்தினார். "அவன் வெளியூருக்காரன். தானா வந்து ஒத்துக்கிட்டான். ரெண்டு மூணு வருசத்துல வெளிய வந்துருவான். அவன் ஊட்டுக்கு என்ன செய்யோணுமோ நான் செஞ்சுடறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

முனீஸ் எழுந்தான். "அந்த வெளியூர்க்காரனுக்குப் பேரு இருக்குங்க சார்" என்றான். கிண்டலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். அகப்படவில்லை.

செல்லாத்தாள் புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு எழுந்தார். கொழுந்தன் வழியில் நின்றார். அவர் நகரவில்லை. இவரும் நிற்கவில்லை. தோளில் இடித்துக்கொண்டே வாசலைக் கடந்தார்.

"வண்டி இருக்குதுங்களா?" என்று குழந்தையம்மாளிடம் கேட்டார்.

*

ஸ்டேஷனில் மணி நாலு நாற்பது. ஜீப் வாசலில் தயாராக நின்றது. ஜோதிகா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், மதியம் பார்த்த அதே படியில்.

எஸ்.ஐ. எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிவதற்குள் ஜெபக்குமாரைக் கூட்டிவந்தார்கள். செல்லாத்தாளைப் பார்த்ததும் பழக்கத்தில் விறைத்து நின்றான்.

"அக்கா, நீங்க எதுக்கு இங்க வந்தீய?"

"உன்ற கேபிளு செரியாத்தான் இருந்துது கண்ணு. அதைக் கழட்டி வெச்சுட்டு வேற ஒண்ணை நான் தொங்கவுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். "வேண்டாம்க்கா. எனக்காகப் பொய் சொல்லாதீய."

குழந்தையம்மாள் பயந்தது இதுதான் என்று முனீஸுக்குப் புரிந்தது. காட்டுவதற்கு அந்தக் கேபிள் இல்லை. அது ஆற்றோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த அம்மாளின் வார்த்தை ஒன்றுதான்.

"எஸ்.ஐ. சார்" என்றார் குழந்தையம்மாள், "அந்தக் கவரைத் தம்பிகிட்டக் காட்டுங்க."

காட்டினார்கள். ஜெபக்குமார் கவரை இடது கையில் வாங்கினான். ரொம்ப நேரம் முனையைப் பார்த்தான். அந்த மழமழப்பின்மேல் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கட்டைவிரலால் தடவினான்.

"பிசிறு வெட்டியிருக்கு" என்றான் மெதுவாக.

"ஆமா கண்ணு. எனக்குத் தெரியாது அதை உடோணும்னு. வெட்டீட்டேன்." செல்லாத்தாள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டார். எஸ்.ஐ.யை அவர் பார்க்கவே இல்லை. "உறை கீழ குடோன்ல எடுத்தது. கம்பி உன்ற மேஜைல மிச்சம் கெடந்தது. வியாழக்கெழம அவுரு அனுப்பர்பாளையம் போயிருந்தப்ப மாட்டுனேன். எந்தக் கம்பி எங்க போகோணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்தி வெச்சேன். வெளக்கு எரியலைன்னா அவுரு தொட்டுத்தான் பாப்பாரு. அதுவும் தெரியும்."

ஒவ்வொன்றாகச் சொன்னார், புதிதாக வேலைக்கு வந்த ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதுபோல. அவன் நடுநடுவே கேள்வி கேட்டான். ஈயம் எவ்வளவு நேரம் ஆறவிட்டீய, பிளக்கு திருகு எந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எஸ்.ஐ.யின் பேனா தொடர்ந்து ஓடியது.

ஒரு கட்டத்தில் கேள்விகள் தீர்ந்தன. ஜெபக்குமாரின் தோள் தொங்கிப் போயிற்று. அது நிம்மதியா, வேறு ஏதுமா என்று முனீஸால் சொல்ல முடியவில்லை. ஞாயிறுதோறும் இந்த அம்மாள் கையால் சாப்பிட்டவன் அவன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா" என்றான். "சாவும்போது அண்ணாச்சி, இந்தப் பய தப்பாக் கட்டிட்டானேன்னு நெனச்சிருப்பாவளா?"

ஜோதிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல கண்ணு. நான் அந்த ரூமுக்குள்ளதான் நின்னேன். கதவோரமா. அவுரு திரும்பி என்ற மூஞ்சியப் பாத்தாரு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு அவுருக்கு."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார்.

"செல்லான்னு ஒருக்கா கூப்புட்டாரு. எனக்கு நல்லாக் கேட்டுது."